நிப்பாட்டக்கூடாத லொறி

நிப்பாட்டச் சொல்லாதேங்கோ மிஸ்ஸி! வேற என்னத்தையும் சொல்லுங்கோ. பேசுங்கோ, பொலிசுக்குச் சொல்லுங்கோ, நான் வாய் திறக்காம நிண்டு கேப்பன். லொறியை நிப்பாட்டு எண்ட கதை மட்டும் வேண்டாம். விடிஞ்சதில இருந்து நீங்கள் நாலாவது ஆள். முன்வீட்டு மாஸ்டர் பல்லுத் தீட்டிக்கொண்டே வந்து கத்திப்போட்டுப் போறார், என்ர சேட்டெல்லாம் பற்பசை! அவருக்கும் இதைத்தான் சொன்னனான். நிப்பாட்ட ஏலாது. ஏலாது எண்டா ஏலாதுதான்.

எனக்குத் தெரியும், நீங்கள் இரவு டியூட்டி முடிச்சு இப்பதான் வாறியள். கண்ணைப் பாக்கவே தெரியுது. இந்த ஒழுங்கைக்கு வந்து ஒரு கிழமை, அதில நாலு நாள் என்ர லொறி உங்கட யன்னலுக்குக் கீழ நிண்டு டக டக டக எண்டு அடிக்குது. நித்திரை கொள்ள ஏலுமே? ஏலாதுதான். எனக்கு மட்டும் நித்திரை இருக்கோ? நாலு நாளா ஸ்டியரிங்கில தலையை வைச்சுப் படுக்கிறன். கழுத்து இந்தப் பக்கம் திரும்புது, அந்தப் பக்கம் திரும்புதில்லை. பாருங்கோ... ஆ! பாத்தீங்களே?

இருங்கோ, அந்தக் கதிரையை இழுத்து மரத்துக்குக் கீழ போட்டு இருங்கோ. அட, இருங்கோ பிள்ளை. நிண்டு கேட்டா கோவம் கூடும். ஜெஸீமா எண்டெல்லோ பேர் சொன்னனீங்கள்? மூதூர்ப் பக்கம்? ஓம் ஓம். என்னைச் சோமசேகரம் எண்டா இந்த ஹார்பர் றோட்டில தெரியாத ஆள் இல்லை. முப்பது வருசமா லொறி. கொட்பேயில இருந்து ஐசும் மீனும் ஏத்திறது. எத்தினை லொறி பாத்திட்டன், எத்தினை எஞ்சினைக் கழட்டிப் பூட்டியிருப்பன்! அப்பிடிப்பட்ட என்னைக் கொண்டுவந்து இந்தச் சனியன் இருத்திப்போட்டுது பாருங்கோ.

நீங்கள் ஆஸ்பத்திரியில எந்தப் பக்கம்? ... ஐ.சி.யூ.வோ! சரி, அப்ப உங்களுக்கு நான் விளங்கப்படுத்தவே தேவையில்லை. அங்க மிசினில போட்டுக் கிடக்கிற ஆளை, பக்கத்துக் கட்டில்காரன் "சத்தமாக் கிடக்கு, அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" எண்டு கேட்டா நிப்பாட்டுவியளோ? மாட்டியள்தானே! அதேதான் இது. நிப்பாட்டினா பேந்து எழும்பாது. கதை முடிஞ்சுது.

விசர்க்கதை இல்லை மிஸ்ஸி, சத்தியமா. டாஷ்போட்டில ஒரு மஞ்சள் லைட் எரியுது, தெரியுதோ? அதுக்குப் பக்கத்தில ஒரு சிவப்பு. நௌபர் எண்டு ஒரு பெடியன், கிண்ணியாவில கராஜ் வைச்சிருக்கிறான், கெட்டிக்காரன், அவன் பிழை பாக்கிற மிசினை லொறியில குத்திப் பாத்திட்டு என்ன சொன்னவன் தெரியுமே? "அண்ணை, இப்ப ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் ஓடும். திறப்பைத் திருப்பி நிப்பாட்டினீங்களோ, பிறகு ஸ்ராட் வராது. உள்ளுக்க கொம்பியூட்டர் பூட்டிப்போடும்." பாருங்கோ அநியாயத்தை! என்ர காசில வாங்கின லொறி, நான் ஊத்தின டீசல், அவன் ஆர் பூட்ட? ஜப்பானில இருக்கிற ஆரோ ஒருத்தன், திருகோணமலை எங்க இருக்கெண்டே தெரியாதவன், என்ர லொறி எழும்பலாமோ கூடாதோ எண்டு முடிவெடுக்கிறான்.

ஏன் பூட்டுது எண்டு கேக்கிறியளோ? ... கேக்கேல்லையோ? பரவாயில்லை, சொல்லுறன். எல்லாம் இந்தப் புகைதான். டீசல் எரியேக்க அந்தச் சூட்டுக்குள்ள காத்தில இருக்கிற நைதரசனும் ஒட்சிசனும் ஒண்டோடொண்டு சோடி சேந்துபோடுமாம். சேந்து வெளிய வந்தா நஞ்சு. நெஞ்சுக்குள்ள போனா இழுக்கும், நீங்கள் வாட்டில பாக்கிறியள்தானே. அந்தச் சோடியைப் பிரிக்கிறதுக்கு, பாருங்கோ, குனிஞ்சு பாருங்கோ, சைலன்சர் பக்கத்தில அந்தப் பெரிய பெட்டி தெரியுதே, அதுதான் கற்றலிஸ்ற். நாங்கள் பள்ளிக்கூடத்தில வினையூக்கி எண்டு பாடமாக்கினது. உள்ளுக்க தேன்வதை மாதிரி ஓட்டை ஓட்டையாக் கிடக்கும். புகை அதுக்குள்ள போக முந்தி யூரியாத் தண்ணி பீச்சி விடுவான். சூட்டுக்கு யூரியா அமோனியாவாப் போகும். பெட்டிக்குள்ள அமோனியாவும் நஞ்சும் சந்திக்க, சோடி பிரிஞ்சு, சும்மா நைதரசனும் நீராவியுமா வெளிய வரும். அந்தப் பெட்டி இருக்கே, அது தேயாது, மாறாது, கரையாது. எல்லாரையும் பிரிச்சு விட்டிட்டு தனக்கு ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கும். என்ர மனுசியின்ர தமையனும் இதே சாதிதான், அவரின்ர கதையைப் பிறகு சொல்லுறன்.

சரி, புகை நல்லதா வரட்டும், எனக்கென்ன, நல்ல விசயம்தானே. சிரிக்காதேங்கோ, நானும் மூச்சு விடுற ஆள்தான். ஆனா யூரியாத் தண்ணிக்கு ஒரு தனி டாங்கி வைச்சிருக்கிறான் பாருங்கோ, நீல மூடி போட்டு. லொறியோட கலன் கலனாத் தண்ணி வந்தது. பத்து மாசம் அப்பப்ப ஊத்தி ஓடினது, ஒரு பிழையும் இல்லை. போன கிழமை முடிஞ்சுது. நௌபருக்குப் போன் அடிச்சன். "கொழும்பில இருந்து எடுக்கவேணும் அண்ணை, மூண்டு நாள் செல்லும்" எண்டான். மூண்டு நாளோ! கொட்பேயில ஐஸ் மூண்டு நாள் நிண்டு காத்துக்கொண்டிருக்குமோ? நான் அந்த வெறுங் கலனை எடுத்துத் திருப்பித் திருப்பி வாசிச்சன். என்ன எழுதியிருக்கு எண்டு நினைக்கிறியள்? யூரியா முப்பத்திரண்டரை வீதம். மிச்சம்? தண்ணி! பச்சைத் தண்ணி மிஸ்ஸி! நான் விழுந்து விழுந்து சிரிச்சன். யூரியாவும் தண்ணியும் எடுக்கக் கொழும்புக்குப் போகவேணுமோ? குசினிக்குப் பின்னால ஒரு மூடை யூரியா சும்மா கிடக்குது. தண்ணிக்கு எங்களுக்கு என்ன குறை, நாலு பக்கமும் தண்ணி.

சும்மா கிடக்கெண்டு நான் நினைச்சது. சரி, அதை விடுங்கோ.

இப்ப கேளுங்கோ, இதுதான் முக்கியம். யூரியாவைத் தண்ணியில போட்டா என்ன நடக்கும் தெரியுமோ? தண்ணி குளிர்ந்துபோம்! ஐஸ் மாதிரி. நான் பயந்தே போனன், தண்ணிப் பரலுக்குள்ள கையை விட்டா விறைக்குது. குளிர்ந்தா யூரியா கரையாது, அடியில மண் மாதிரிக் கிடக்கும். கிணத்துத் தண்ணியில இரவு முழுக்கத் தடியால கலக்கிப் பாத்தன், கரையேல்ல. நௌபர் சொல்லுறான், "அண்ணை, பற்றறிக்கு ஊத்திற தண்ணி மாதிரி ஒண்டும் கலக்காத தண்ணி வேணும், கிணத்துத் தண்ணி கூடாது, வயலுக்குப் போடுற யூரியாவும் கூடாது, அதில வேற சாமான் கலந்திருக்கும்." பெடியன் எண்டாப் பெடியன்தானே! முப்பது வருச அனுபவம் எனக்கு. யூரியா எண்டா யூரியாதான், நெல்லுக்கு வேற யூரியா லொறிக்கு வேற யூரியாவோ? சுடுதண்ணி இருந்தாக் காணும். சுடுதண்ணிக்கு காஸ் எரிக்கலாமோ, காஸ் விக்கிற விலையில?

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐயோ, அது வந்த நேரம் நான் எழும்பித் துள்ளினனான் மிஸ்ஸி. கன்னியா!

ஓம், கன்னியா வெந்நீர்க் கிணறுதான். என்ன அப்பிடிப் பாக்கிறியள்? ஏழு கிணறு, ஏழு சூடு, எல்லாம் சும்மா கொதிச்சுக்கொண்டு கிடக்குது. கடவுள் சுட வைச்சுத் தாறார், ஒரு சதம் செலவில்லை. விடியக் காலமை போனன். காவல்காரன் கேட்டான் ஏன் இத்தினை கலன் எண்டு. எனக்கு முழங்கால் வாதம், வீட்டில வைச்சுக் குளிக்கவேணும் எண்டன். பாவம், அவனே ரெண்டு கலன் தூக்கித் தந்தவன். நான் ஒவ்வொரு கிணத்திலயும் விரலை விட்டுப் பாத்துச் சூடு கூடினதா எடுத்தன். அவசரப்பட்டு எடுக்கேல்ல, முறையாத்தான் எடுத்தனான். கொண்டுவந்து பரலுக்குள்ள ஊத்தி மூடையைக் கவிழ்த்தா... அடடா! மளமளவெண்டு கரையுது! கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு வந்துது. உங்கட ஆஸ்பத்திரி சேலைன் தோத்துப்போம். அண்டைக்கு நான் ஒரு விஞ்ஞானி மாதிரி நிண்டனான். நௌபரைக் கூப்பிட்டுக் காட்டினன். அவன் ஒரு சொட்டைத் தகரத்தில விட்டு வெயிலில வைச்சான். காஞ்சாப் பிறகு வெள்ளையா ஒரு படை. "அண்ணை, இது உங்கட பெட்டிக்குள்ள போய்ப் படியும்" எண்டான். பொறாமை எண்டு நினைச்சன். ராவணன் தாயின்ர காரியத்துக்கு வாளால குத்தி எடுத்த தண்ணி எண்டு சனம் கும்பிடுது, அது என்ர லொறிக்குக் கூடாதோ?

ஒரு நாள் ஓடினது பாருங்கோ, பறந்தது! அடுத்த நாள் நிலாவெளி கடக்கேக்க லைட். சரியெண்டு வீட்டை கொண்டுவந்து சேத்தன். நௌபர் அந்தப் பீச்சுற ஊசியைக் கழட்டிக் காட்டினான், வாய் முழுக்க வெள்ளைக் கல்லு. பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தா அந்த ஓட்டையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. கன்னியாத் தண்ணிக்குள்ள இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் எல்லாம் அங்கதான் குடியிருக்குது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே கழட்டிப் பூட்டினவன், கை வெந்துபோச்சு பாவம். கொழும்பில இருந்து புது ஊசியும் பெட்டியும் வாற கிழமை வருமாம். "அது மட்டும் நிப்பாட்டாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போனான். அண்டையில இருந்து நான் நிப்பாட்டேல்ல. திறப்பைப் பாருங்கோ, தெரியாம ஆரும் திருப்பிப்போடுவினம் எண்டு டேப் சுத்தி, அதுக்கு மேல காளி கோயில் நூல் கட்டி வைச்சிருக்கிறன். கக்கூசுக்குப் போறதெண்டாலும் ஆரையாவது பக்கத்தில நிப்பாட்டிப்போட்டுத்தான் போறது. குளிப்பு? அந்தப் பைப்பில, ஒரு கண் லொறியில. சாப்பாடு கடைப்பார்சல். இதில ஒருத்தி நேற்று என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு போறாள், "அண்ணை காவலோ, காதலோ" எண்டு. நாசமாப் போவாள்.

இல்லை, எழும்பாதேங்கோ, இருங்கோ! முக்கியமான கதைக்கு இன்னும் வரேல்ல. உங்களிட்ட ஒரு உதவியும் கேக்கவேணும்.

என்ர மனுசி கமலேஸ்வரி போயிட்டாள் மிஸ்ஸி. மூண்டு நாளாகுது. திரியாய்க்கு, தமையன் வீட்டை. ஏன் தெரியுமோ? அந்த யூரியா மூடை. அது சும்மா கிடந்த மூடை இல்லையாம். திரியாயில அவளுக்குச் சீதனமா வந்த ரெண்டு ஏக்கர் வயல், அதுக்குப் போடுற உரம். கமநல நிலையத்தில மழைக்குள்ள நிண்டு, பெயரைப் பதிஞ்சு, வாங்கி, பஸ்ஸில ஏத்தேலாதெண்டு என்ர லொறியிலதான் கொண்டுவந்து வைச்சவளாம். நான்தான் கொண்டுவந்திருக்கிறன், எனக்கே மறந்துபோச்சு! அவள் குசினிக்குப் பின்னால போய்ப் பாத்தா வெறும் சாக்கு. சாக்கைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்து லொறிக்கு முன்னால நிண்டு என்னைப் பாத்தாள். சாக்கை உதறி நாலா மடிச்சாள். எனக்கு அதுதான் பயம். பேசினா நானும் பேசுவன், சமாளிச்சுப்போடுவன். பேந்து கேட்டாள், "பயிருக்குப் போட வைச்சதைப் புகைக்குழாய்க்கோ ஊத்தினனீங்கள்?" நான் அந்த நேரத்திலயும் நைதரசன் எப்பிடிச் சோடி சேருது எண்டு விளங்கப்படுத்தப் பாத்தனான். உடுப்புப் பாக்கை எடுத்துக்கொண்டு போயிட்டாள்.

அண்டைக்கு இரவு போன் அடிச்சன். போனை எடுத்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டிட்டு வைச்சிட்டாள். திரும்ப அடிச்சன், திரும்ப வைச்சாள். நேற்று ராத்திரி தமையன் எடுத்தார், நான் சொன்ன அந்தக் கற்றலிஸ்ற் மனுசன்! "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உரம் வயலுக்கு வரவேணும், மழை விட்டிருக்கிற இந்த ஒரு நாளில போடாட்டி இந்தப் போகம் போச்சு. கொண்டுவந்தா வாங்கோ, இல்லாட்டி லொறியோடயே குடும்பம் நடத்துங்கோ எண்டு தங்கச்சி சொல்லச் சொன்னவ." அவள் சொன்னதோ அவர் சேத்ததோ தெரியாது. ஆனா பின்னால அவளின்ர குரல் கேட்டது, அழுதுகொண்டு நிண்டவள். முப்பத்தொரு வருசத்தில நான் அவள் அழுதது ரெண்டு தரம்தான் கேட்டிருக்கிறன் மிஸ்ஸி.

உரம் கிடைச்சிட்டுது. அதில பிரச்சினை இல்லை. கிண்ணியா ஸெய்னுதீன் நானா, பழைய பழக்கம், தன்ர வயலுக்கு வைச்சிருந்ததில முந்தநாளே ஒரு மூடையைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தவர். "கமலேஸ்வரி தங்கச்சிக்கு எண்டபடியாத் தாறன், உனக்கெண்டாத் தரமாட்டன்" எண்டு சொல்லித்தான் தந்தவர். லொறிக்குப் பின்னால கிடக்கு.

அப்ப என்ன தடை எண்டு கேளுங்கோ. டீசல்! டீசல் ஊசி சிவப்பில படுத்திட்டுது. நாலு நாள் நிண்டு எரிஞ்சா என்ன மிஞ்சும்? பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோனன். அங்க ஒரு பெடியன், "எஞ்சினை நிப்பாட்டினாத்தான் அடிப்பன், சட்டம்" எண்டான். நிப்பாட்டினா எழும்பாது தம்பி எண்டன். "அப்ப அடிக்கேலாது" எண்டான். கலனில தா எண்டன். "கலனுக்குக் குடுக்கேலாது, அதுவும் சட்டம்" எண்டான். அப்ப நான் என்ன செய்ய? நிப்பாட்டினாத்தான் டீசல், நிப்பாட்டினா டீசல் தேவையே இல்லை! இதை நான் அவனுக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். அவ்வளவு நேரமும் எஞ்சின் ஓடி இருந்த டீசலும் குறைஞ்சுபோச்சு. நேற்று ஒரு மீன்பிடிப் போட்காரன் ஒரு கலன் தந்தான், அது இரவோட முடிஞ்சுது. அதுதான் உங்களிட்டக் கேக்க நினைச்சனான்... ஆஸ்பத்திரி ஜெனரேற்றருக்கு டீசல் வருமெல்லோ? ஒரு பத்து லீற்றர்... இல்லை இல்லை! களவெடுக்கச் சொல்லேல்ல! கேட்டுப் பாக்கச் சொன்னது. அட, கோவிக்காதேங்கோ. சரி, விடுங்கோ, கேக்கேல்ல.

என்ன?

... பஸ்ஸோ?

பஸ்ஸில எப்பிடி மிஸ்ஸி? புல்மோட்டை பஸ் ஒண்டு ஒன்பது மணிக்குப் போகுதுதான். திரியாய்ச் சந்தியில இறங்கலாம்தான். ஆனா ஒரு மூடை யூரியாவை பஸ்ஸில ஏத்த விடுவாங்களோ? கொண்டக்டர் கத்துவான். ஐம்பது கிலோ...

சரி. ஐம்பது இல்லை.

இருபத்தைஞ்சு வரும்.

... அப்பிடிப் பாக்காதேங்கோ. மற்ற அரை மூடை எங்கயெண்டு எனக்குத் தெரியும், நான் சொல்லுறன், சொல்லத்தானே வேணும். நேற்றுப் பின்னேரம். நௌபரின்ர மிசின் "தண்ணி சரியில்லை" எண்டு காட்டினது. நான் யோசிச்சன், சரியில்லை எண்டா யூரியா காணாது எண்டுதான் அர்த்தம், இன்னும் கொஞ்சம் கூட்டினா லைட் அணையும், லைட் அணைஞ்சா நிப்பாட்டலாம், டீசல் அடிக்கலாம், போகலாம்... கொஞ்சம்தான் போட நினைச்சனான் மிஸ்ஸி. கை சரிச்ச சரிவில அரை மூடை போயிட்டுது. பழைய தண்ணியை வடிச்சு அந்த முருங்கைக்கு ஊத்திப்போட்டுப் புதுசை விட்டன். லைட் அணையேல்ல. இன்னும் ஒண்டு கூட எரியத் தொடங்கினது. முருங்கையும் ஒரே இரவில இலை சுருண்டு நிக்குது பாருங்கோ.

ஓம். ரெண்டாவது தரமும். அவளின்ர உரம். ஸெய்னுதீன் நானா அவளுக்கெண்டு தந்தது.

ஆரும் என்னைச் செய்யச் சொல்லேல்ல. நௌபர் வேண்டாம் எண்டவன், கலன்லயே எழுதிக் கிடந்தது, அந்தத் தகரத்தில வெள்ளைப் படையைக் கண்ணால கண்டனான். ஜப்பான்காரன் என்ன செய்வான், செட்டுப் பெடியன் என்ன செய்வான்? மூண்டு நாள் பொறுத்திருந்தாக் கொழும்பில இருந்து வந்திருக்கும். இண்டைக்கு நாலு நாளா ஒரே இடத்தில நிக்கிறன்.

மிச்ச அரை மூடையை நேற்றே பஸ்ஸில கொண்டுபோயிருக்கலாம். அது எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தெரியும். ஆனா லொறியில போய் இறங்கவேணும் எண்டு நினைச்சன் மிஸ்ஸி. அவளின்ர தமையன் வாசலில நிக்கேக்க, லொறியைக் கொண்டுபோய் நிறுத்தி, பாருங்கோ, ஓடுது, நான் கரைச்ச தண்ணியில ஓடுது எண்டு... அவள் அழுகிறாள், நான் இதை யோசிச்சுக்கொண்டு ஸ்டியரிங்கில படுத்திருந்தனான். சீ!

ஒருக்கா அந்தக் கத்தரிக்கோலைத் தாங்கோ. உங்கட பாக்கில இருக்கும், மிஸ்ஸிமார் வைச்சிருப்பியள்தானே. ... தாங்ஸ். டேப் நல்லா இறுகிப்போச்சு. நூலையும் வெட்டுறன், காளியாத்தை கோவிக்கமாட்டா, அவவும் ஒரு பொம்பிளைதானே. ஐயோ, திறப்பில கை வைச்சிட்டன். நீங்கள் அங்க எப்பிடி இந்த வேலை செய்யிறியள்?

சரி.

...

நிப்பாட்டிப்போட்டன்.

கடவுளே, எவ்வளவு அமைதி! காகம் கத்துறது கேக்குது. ஹார்பரில கப்பல் ஊதுது. இந்த நாலு நாளும் இதெல்லாம் கத்திக்கொண்டுதான் இருந்ததோ?

பொறுங்கோ, போன் அடிக்குது... அவள்தான். ஹலோ? ... ஓம். ... ஓம், சத்தம் இல்லை. ... இல்லையப்பா, கெட்டுப்போகேல்ல. நிப்பாட்டிப்போட்டன். ... நான்தான். ... வாறன். ஒன்பது மணி பஸ்ஸில வாறன். ... உரம் இருக்கு. கமலேஸ், ஒண்டு சொல்லவேணும், வைச்சிடாத. அரை மூடைதான் இருக்கு. ... மற்றது... ஓம். ஓம், அதுக்குள்ளதான். ரெண்டாந்தரமும். ... ஹலோ? ... கமலேஸ்? ... இருக்கிறியோ? ... இல்லை, இன்னும் சாப்பிடேல்ல. ... ஓம். ... ஒரு ஏக்கருக்காவது காணும்தானே? ... சரி. சரியப்பா, வந்து இறங்கின உடன வயலுக்கே வாறன். நான்தான் வீசுறன், நீ வரம்பில நில்லு.

மிஸ்ஸி, கேட்டனீங்களோ? வரச் சொல்லிப்போட்டாள்! பேசினவள்தான், பேசட்டும், நல்லாப் பேசட்டும்! அரை மூடையை அவளின்ர தமையன் தருவாராம், அந்த மனுசனிட்ட நான் கை நீட்டவேணும், பரவாயில்லை, நீட்டுறன். மிஸ்ஸி? உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேணும், அந்த பஸ் கதையை நீங்கள் சொல்லாட்டி...

மிஸ்ஸி?

... நித்திரை. கதிரையிலயே. வாயைத் திறந்துகொண்டு, சப்பாத்தும் கழட்டாம. ஐயோ பிள்ளை, நாலு நாள்! ஒழுங்கையால ஓட்டோ வருது, ஏய், மெல்லப் போ! ஹோன் அடிக்காத! ஆள் படுத்திருக்கெல்லோ, கண் தெரியேல்லையோ?

சரி, சரி, நான் கத்தேல்ல. மூடையை மெல்லத் தூக்குறன். கதைக்கவும் இல்லை. இனிக் கதைக்கவே இல்லை.